பெல்லட்டை மாற்றினால் புள்ளி ஏறுமா? செந்தூல் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

செந்தூலிலிருந்து எழுதியிருக்கும் தம்பி இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். ஆறு மாதமாக கிளப் பிஸ்டலில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறார். 60 ஷாட்டில் 520 புள்ளியைத் தாண்டவில்லை. கூடச் சுடுகிறவர்கள் பெல்லட்டை, அதாவது ஏர் பிஸ்டலில் போடும் சின்ன ஈயக்குண்டை, மாற்றச் சொல்கிறார்கள். அமெரிக்கர்களின் வீடியோக்களில், இலக்குச் சுடுதலுக்கான ஈயக்குண்டையும் வெடிமருந்தையும் அவர்களே தேர்ந்தெடுத்து, வீட்டிலேயே தோட்டா கட்டுவதையும் பார்த்திருக்கிறார். அடுத்த வருடம் வெடிமருந்துத் தோட்டாவால் சுடும் பாயிண்ட் 22 பிஸ்டலுக்கு மாறும்போது இங்கேயும் அப்படிச் செய்யலாமா, எதைத் தேர்ந்தெடுப்பது என்பது இரண்டாவது கேள்வி. என் பார்வையில் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: போகிற புள்ளி கையில் போகிறதா, குண்டில் போகிறதா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கிளப்பில் பல வருடமாக ஏர் பிஸ்டலும் பாயிண்ட் 22ம் சொல்லித் தருகிறேன். அந்த இரண்டைப் பற்றி அனுபவத்திலிருந்து பேச முடியும். தோட்டா கட்டும் வேலையை நான் கையால் செய்ததில்லை. அதைப் பற்றி இங்கே சொல்வது படித்ததும், வெளிநாட்டில் முறையாகச் செய்கிற நண்பர்களிடம் கேட்டறிந்ததும்தான்.

முதலில் சட்டம். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர் பிஸ்டலும் ஆயுதம்தான். விளையாட்டுச் சாமான் என்று நினைத்து இணையத்தில் ஒன்றை வரவழைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். வீட்டில் தோட்டா தயாரிப்பதை நம் நாட்டில் யோசிக்கவே வேண்டாம். ஆயுதம், வெடிபொருள் இரண்டு சட்டங்களும் குறுக்கே நிற்கின்றன, தண்டனையும் மிகக் கடுமை. கிளப் வழியாக, லைசென்ஸுக்கு உட்பட்டு, தொழிற்சாலையில் செய்த தோட்டாவை வாங்கிச் சுடுவதுதான் நமக்கு இருக்கிற வழி. அதிலும் பாயிண்ட் 22ஐ வீட்டில் மறுபடி கட்டுவது எந்த நாட்டிலும் வழக்கமில்லை. அதன் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் உலோகக் கூட்டின் அடி விளிம்புக்குள் பரவியிருக்கிறது. பிஸ்டலின் ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் சுடுகிறது. ஒரு தடவை நசுங்கிய கூடு அதோடு சரி.

அப்படியானால் அந்த வீடியோக்காரர்கள் செய்வது என்ன? அவர்கள் கட்டுவது அடியின் நடுவில் பிரைமர் (மாற்றக்கூடிய பற்றவைப்பு மூடி) உள்ள தோட்டாக்களை, பெரும்பாலும் பாயிண்ட் 38 ஸ்பெஷல், பாயிண்ட் 45 போன்றவற்றை. அவர்கள் தேர்வின் தர்க்கம் தெரிந்தால் உங்கள் பெல்லட்டும் புரிந்துவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காகித இலக்குக்கு அவர்கள் விரும்பி எடுப்பது வாட்கட்டர் என்கிற தட்டை முகக் குண்டு. பாயிண்ட் 38ல் அது பெரும்பாலும் 148 கிரெயின், அதாவது 9.6 கிராம் அளவு. கூர்முனைக் குண்டு காகிதத்தை விலக்கிக்கொண்டு கிழிக்கும், ஓட்டையின் ஓரம் பிசிறும். தட்டை முகம் வட்டமாக வெட்டி எடுக்கும், கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற சண்டைக்கு இடமில்லை. தட்டை முகம் காற்றை மோசமாகத்தான் கிழிக்கும். ஆனால் 25, 50 மீட்டரில் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. சிலவற்றுக்கு அடிப்பக்கம் குழிவாக இருக்கும். வாயு அழுத்தத்தில் அந்த மெல்லிய சுவர் விரிந்து குழலை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

வெடிமருந்தில் அவர்கள் தேடுவது வேகமாக எரியும் ரகம். பிஸ்டல் குழல் குட்டை, குண்டுக்கு வேண்டிய வேகமும் குறைவு. சின்ன அளவு மருந்து, குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் எரிந்து முடிந்துவிட வேண்டும். அதிர்வு மென்மையாக இருக்கும், அடுத்த ஷாட்டுக்குக் கை சீக்கிரம் திரும்பி வரும். ஆபத்தும் இங்கேயேதான் இருக்கிறது. பாயிண்ட் 38 ஸ்பெஷலின் கூடு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பழைய வடிவம், உள்ளே இடம் மிக அதிகம். இன்றைய மருந்தின் சின்ன அளவு அதில் பாதியைக்கூட நிரப்பாது. கவனம் பிசகி ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்தாலும் வெளியே வழியாது, குண்டும் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். சுடும்போதுதான் தெரியும், அப்போது பிஸ்டலும் விரல்களும் போயிருக்கும். அந்த நண்பர்கள் மருந்து போட்ட ஒவ்வொரு கூட்டையும் விளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குண்டை வைக்கிறார்கள். மருந்து தயாரிப்பாளர் அச்சிட்ட அளவை மட்டுமே நம்புகிறார்கள். இணையத்தில் எவரோ சொன்ன அளவை எடுப்பதே இல்லை.

இவ்வளவு பாடுபட்டு அவர்கள் அடைவது என்ன என்று கேட்டால், முக்கியமாகச் செலவு குறைகிறது. அப்புறம், தங்கள் பிஸ்டலுக்குப் பிடித்த, மென்மையாகச் சுடுகிற தோட்டா கிடைக்கிறது. புள்ளி கொஞ்சம் கூடும், ஆனால் ஏற்கெனவே நன்றாகச் சுடுகிறவருக்குத்தான். இனி சொல்லப் போகும் கணக்கும் அதையேதான் காட்டும்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்து வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. அடுத்த ஒவ்வொரு வட்டமும் 8 மி.மீ. அகலம். பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. கோட்டை வெளியிலிருந்து தொட்டாலே உள் வட்டத்தின் மதிப்பு கிடைக்கும். ஆகவே ஓட்டையின் நடுப்புள்ளி இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் இருந்தால் பத்து, 16க்குள் ஒன்பது, 24க்குள் எட்டு. நீங்கள் 520 சுடுகிறீர்கள், சராசரி 8.67. தோராயமாகப் போட்டால், உங்கள் ஷாட்டுகள் மையத்திலிருந்து சராசரியாக 15 மி.மீ. தள்ளி விழுகின்றன.

இதில் பெல்லட்டின் பங்கு எவ்வளவு? பிஸ்டலை அசையாமல் வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பானில்) பிடித்துச் சுட்டால், நல்ல பெல்லட் சராசரியாக 1 மி.மீ. விலகும் என்று வைத்துக்கொள்வோம். மட்டமானது 3 மி.மீ. இந்த விலகல் உங்கள் கையின் விலகலோடு நேராகக் கூடாது. இரண்டும் தொடர்பில்லாமல், கண்டபடி வெவ்வேறு திசையில் போவதால், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 15ம் 1ம் சேர்ந்தால் 15.03. 15ம் 3ம் சேர்ந்தால் 15.3. வித்தியாசம் கால் மில்லிமீட்டர் சொச்சம். 60 ஷாட்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் அது 2 புள்ளி. மட்டமான டின்னிலிருந்து உயர்ந்த டின்னுக்கு மாறினால் 520 என்பது 522 ஆகும், அவ்வளவுதான். இதையே 575 சுடுகிறவருக்குப் போட்டுப் பாருங்கள். அவர் கையின் விலகல் 7 மி.மீ. பக்கம். அதே மாற்றம் அவருக்கு ஏறக்குறைய 4 புள்ளி தரும். அந்த உயரத்தில் இறுதிச் சுற்றுக்குப் போவதும் வெளியே நிற்பதும் ஒரு புள்ளியில் தீர்மானமாகும், சில நேரம் உள்பத்துகளின், அதாவது பத்து வட்டத்துக்குள் இருக்கும் இன்னும் சின்ன வட்டத்தில் விழுந்தவற்றின், எண்ணிக்கையில் தீர்மானமாகும். அதனால்தான் தேசிய அளவில் சுடுகிறவர்கள் பெல்லட்டுக்காக மெனக்கெடுகிறார்கள். அவர்கள் செய்வது சரி. அதைப் பார்த்து ஆறு மாதக்காரர் செய்வதுதான் வீண் செலவு. அந்த 1, 3 என்பவை நான் எடுத்துக்கொண்ட எண்கள், உங்கள் கிளப் பிஸ்டலில் கொஞ்சம் மாறலாம். முடிவு மாறாது.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: பிஸ்டல் நல்ல நிலையில் இருக்க வேண்டும். கிளப் பிஸ்டல் பல கை மாறியது. அதைச் சோதிக்க உங்களிடமே ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் விசை விழுந்த கணத்தில் முன்குறி (குழலின் முனைப் பக்கக் குறி) எங்கே இருந்தது என்பதைக் கவனித்து, புள்ளி காட்டும் திரையைப் பார்க்கும் முன், "எட்டு, ஏழு மணிப் பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு பாருங்கள். தொடக்கத்தில் தப்பும். சில வாரத்தில் சொல்வதும் விழுவதும் நெருங்கி வரும். நெருங்கி வந்தால் கருவியில் குறையில்லை, போனதெல்லாம் கையில் போனதுதான். சுத்தமாக விட்டேன் என்று உறுதியாகத் தெரிகிற ஷாட்டுகள், திசையில் ஓர் ஒழுங்கும் இல்லாமல் ஒரு வட்டத்துக்கு மேல் விலகிக்கொண்டே இருந்தால், அப்போது கருவியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் பெல்லட்டிலிருந்து தொடங்காதீர்கள். பின்குறியை விரலால் மெதுவாக அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. கைப்பிடித் திருகுகளைப் பாருங்கள். குழல் முனையில் அதிர்வைக் குறைக்க மாட்டியிருக்கும் காம்பென்சேட்டர் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஷாட்டுகள் மேலும் கீழுமாக நீண்டு விழுந்தால் காற்று உருளையின் அழுத்தத்தைப் பாருங்கள். அழுத்தம் அளவுக்குக் கீழே இறங்கினால் வேகம் குறைந்து பெல்லட் தாழ விழும். உருளையில் பொறித்திருக்கும் தேதியையும் பார்த்துவிடுங்கள். 10 வருடத்தைத் தாண்டிய உருளையைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், பாதுகாப்புக்கும் நல்லதல்ல.

சரி, பெல்லட்டுக்கு வருவோம். நிச்சயமாகச் சொல்லக்கூடியது முதலில். தட்டை முகம் கட்டாயம், காரணம் மேலே சொன்னதுதான். கூர்முனை, குமிழ்முனை எல்லாம் வேறு வேலைக்கு. பிஸ்டலுக்குப் பொதுவாக எடுப்பது 0.45 முதல் 0.53 கிராம் வரையுள்ள பெல்லட். ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என், ஜேஎஸ்பி, சீனாவின் க்யூஒய்எஸ் எல்லாமே போட்டித் தரத்தில் செய்கின்றன. ஒவ்வொன்றிலும் பயிற்சிக்கென்று மலிவான ரகமும் உண்டு. ஆர்டபிள்யூஎஸ் ஹாபி அப்படிப்பட்டது. உங்கள் நிலைக்கு அதுவே தாராளம். கிளப்பில் எது வழக்கமாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். தொடர்ந்து கிடைப்பது ஒரு பெரிய தகுதி. கப்பல் வந்தால்தான் கிடைக்கும் என்கிற உயர்ந்த ரகத்தை ஒரு டின் வாங்கிச் சுட்டுவிட்டு, அடுத்த மாதம் வேறொன்றுக்கு மாறினால் குறியைத் திரும்பத் திரும்பத் திருத்துவதிலேயே பயிற்சி நேரம் போய்விடும்.

இனி சந்தேகத்துக்குரியவை. டின்னில் 4.49, 4.50 என்று தலையின் விட்டம் அச்சிட்டிருக்கும். குழலுக்குக் குழல் பிடித்தமானது மாறுகிறது என்பது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு நிறுவனத்தின் 4.50 இன்னொன்றின் 4.50 ஆக இருக்கும் என்று நம்ப முடியாது. சுட்டுப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்து வாங்குவதில் பயனில்லை. லேசானது நல்லதா, கனமானது நல்லதா என்ற விவாதம் ஓயாது. லேசானது குழலைவிட்டுச் சீக்கிரம் வெளியேறும், அதற்குள் கை அசைய நேரம் குறைவு என்பார்கள். தர்க்கம் சரிதான். ஆனால் வித்தியாசம் மிகச் சிறியது, என் மாணவர்களின் தாள்களில் அதைப் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை. பெல்லட்டைத் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிப்பது, சோப்பு நீரில் கழுவி எண்ணெய் பூசுவது இதெல்லாம் போட்டித் தர டின்னுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. செய்ய வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு பெல்லட்டையும் போடும்முன் அதன் அடிப்பாவாடை (பின்பக்கத்து மெல்லிய விளிம்பு) நசுங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நசுங்கியதைப் பயிற்சிக்குக்கூட வைக்காமல் தள்ளிவிடுங்கள். டின்னைக் கீழே போட்டால் நிறைய நசுங்கிவிடும்.

550ஐத் தாண்டிய பிறகு பெல்லட்டைச் சோதிக்க ஆசைப்பட்டால் முறையாகச் செய்யுங்கள். கிளப் பொறுப்பாளர் முன்னிலையில் பிஸ்டலை வைஸில் பிடிக்க வேண்டும். கையால் சுட்டுப் பார்த்து "இது நல்லாப் போகுது" என்று சொல்வது சோதனை ஆகாது. கையின் 10 மி.மீ.யில் பெல்லட்டின் 1 மி.மீ. எங்கே தெரியும்? ரகத்தை மாற்றியதும் முதல் 15, 20 ஷாட்டை எண்ணாதீர்கள், குழல் புதிய ஈயத்துக்குப் பழக வேண்டும். பிறகு ஒவ்வொரு ரகத்திலும் பத்துப் பத்தாகச் சில தாள். ஐந்து ஷாட் போதாது. அதிர்ஷ்டத்தில் ஐந்து ஒரே ஓட்டையில் போகும், மறுநாள் அதே டின் பரவி விழும். ஒன்று தெளிவாக நெருங்கி விழுந்தால், டின்னில் உள்ள தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு அதே தொகுதியில் பல டின் வாங்கி வையுங்கள். அதே ரகத்தின் அடுத்த தொகுதி வேறு மாதிரி நடக்கலாம். எல்லா ரகமும் ஒன்றுபோல விழுந்தால் மலிவானதை எடுங்கள்.

நம் ஊர் ஈரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஐரோப்பியக் குறிப்புகளில் அது இருக்காது. ஈயம் ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூக்கும். மர அலமாரியில் வைத்தால் இன்னும் சீக்கிரம், மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கிறது. டின்னை மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். பூத்த பெல்லட்டைத் துடைத்துச் சுடாதீர்கள், அந்த வெள்ளைப் பொடி விஷம். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு நிற்பவர்களை இன்னமும் பார்க்கிறேன், மனது பதைக்கிறது. பயிற்சி முடிந்து மாமாக் கடைக்குச் சாப்பிடப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் சட்டையை மாற்றிவிட்டுத் தூக்குங்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அடுத்த வருடத்துப் பாயிண்ட் 22க்கு வேறு அளவுகோல். 25 மீட்டர் நிதானச் சுடுதலில் பத்து வட்டம் 50 மி.மீ. வேகச் சுடுதலில் 100 மி.மீ. நல்ல பிஸ்டலில் சாதாரண நல்ல தோட்டாவே அதற்குள் தாராளமாக அடங்கும். அங்கே நீங்கள் தேட வேண்டியது ஒரு தடவைகூடச் சிக்காமல் ஓடுகிற தோட்டாவை. மூன்று விநாடி இலக்கு திரும்பி நிற்கும் சுற்றில் கூடு சிக்கினால், விதிப்படி சுட அனுமதி கிடைத்தாலும் மனம் கலைந்துவிடும். 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் ஈயக்குண்டு, ஸ்டாண்டர்ட் வேகம் என்று எழுதியிருப்பதை எடுங்கள். ஹை வெலாசிட்டி வேண்டாம். போட்டிப் பிஸ்டலின் பின்னோட்டப் பாகங்களை அது அடித்துத் தேய்த்துவிடும். ஈலி (Eley), எஸ்கே, ஆர்டபிள்யூஎஸ், சிசிஐ நிறுவனங்களின் தோட்டாக்களில் உங்கள் பிஸ்டல் எதைச் சிக்காமல் விழுங்குகிறதோ அது. ஒரு பிஸ்டலுக்குப் பிடித்தது பக்கத்துப் பிஸ்டலுக்குப் பிடிக்காது, இதற்கு எவரும் முன்கூட்டி விதி சொல்ல முடியாது. குண்டின் வெளியே பூசிய மெழுகில் மணல் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேஞ்சுக்குப் போகும் வழியில் வெயிலில் நிறுத்திய காடிக்குள் தோட்டாவை விட்டுவிட்டு இறங்காதீர்கள். உள்ளே 50 டிகிரியைத் தாண்டும், மெழுகு இளகும். சட்டப்படியும் தோட்டாவைக் கவனிப்பாரற்று விடக் கூடாது.

இப்போதைக்கு, கிளப்பில் இருக்கிற ஹாபி டின்னையே எடுத்துக்கொண்டு, ஷாட்டை முன்கூட்டிச் சொல்லும் பயிற்சியை ஒரு மாதம் செய்யுங்கள். சொன்னதையும் விழுந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தத் தாளை இங்கேயே போட்டால், பின்குறியைத் தொட வேண்டுமா, விசை இழுப்பதை மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.